வாடிய பயிரா, காய்ந்த பயிரா?



ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து, மனசு வராமல் தள்ளிப்போட்டது. நேற்று அண்ணன் கைத்தடியோடு கரும்புக் கொல்லை வரப்பு வரை நடந்து வந்து, "பாப்பா, வெட்டு ஆளு வந்தாச்சா?" என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. இனி எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமான பதிவுதான். வகுப்பில் 45 நிமிஷம் உட்கார்ந்தவர்கள் நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் தை மாதம். ஆலைக்குக் கரும்பு போய்க்கொண்டிருந்த நேரம். அண்ணன் இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுத்தான் படுத்தார். விடியற்காலை 5.30-க்கு அண்ணி போன் பண்ணினார்கள். "உங்க அண்ணனுக்கு வாய் ஒரு மாதிரி கோணிக்கிட்டு இருக்குது. கூப்பிட்டா பேச்சு வரல. வலது கையைத் தூக்க முடியல."

முப்பத்து மூன்று வருஷம் அறிவியல் நடத்தியவள் நான். மூளையின் படத்தை எத்தனை முறை கரும்பலகையில் போட்டிருப்பேன்! நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "சர்க்கரை குறைஞ்சிருக்கும் அண்ணி. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி கொடுங்க. நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

அந்தத் தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குப் போயிருந்தால் அதுவே அவரைக் கொன்றிருக்கும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும் என்பது பின்னால்தான் உறைத்தது. என் குளியலும் என் அலட்சியமும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டன.

பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்றார்கள். "எப்போ வந்ததுன்னு தெரியல. ராத்திரி 10 மணியில இருந்துதான் கணக்கு. நாலரை மணி நேரம் தாண்டிடுச்சும்மா. இனிமே மாத்திரை, பிசியோதெரபிதான்" என்றார் அங்கிருந்த மருத்துவர். கோபமாகச் சொல்லவில்லை, பரிவாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். 1990-களில் எங்கள் அப்பாவுக்கு இதே வீட்டில், இதே வலது பக்கம் வந்தது. அப்போதும் இப்படித்தான் தலையாட்டினோம். ஆறு வருஷம் கட்டிலில் கிடந்து போனார்.

காலை 9.45-க்கு என் பழைய மாணவன் ஒருவன் வேறு ஏதோ விஷயமாகப் போன் பண்ணினான். ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவன். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்டான். "டீச்சர், நேரம் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க, சரி. மூளைத் திசு முடிஞ்சிடுச்சான்னு பார்த்தாங்களா?"

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஏரி நிரம்பியிருக்கிறது. மதகு திறந்திருக்கிறது. கால்வாயில் ஓரிடத்தில் அடைப்பு. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. அந்த வயலில் எல்லாப் பயிரும் ஒரே நேரத்தில் சாகுமா? சாகாது. அடைப்புக்கு நேர் கீழே இருப்பது முதலில் காயும். சுற்றி இருப்பது பக்கத்து வயலிலிருந்து வரப்பு வழியாகக் கசியும் ஈரத்தில் தலை தொங்கி நிற்கும். காய்ந்த பயிருக்கு எத்தனை ஏரித் தண்ணீர் விட்டாலும் பயன் இல்லை. வாடிய பயிருக்குத் தண்ணீர் விட்டால் சாயங்காலமே நிமிர்ந்துவிடும்.

மூளையும் அப்படித்தான். நம் மூளையின் எடை சுமார் 1400 கிராம். அதில் ஒவ்வொரு 100 கிராம் திசுவுக்கும் நிமிஷத்துக்குச் சராசரியாக 50 மில்லி ரத்தம் போக வேண்டும். மொத்தத்தில் நிமிஷத்துக்கு 700 மில்லி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால் பாகத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த 50 என்பது 20-க்குக் கீழே போனால் அந்தப் பகுதி வேலையை நிறுத்திவிடும். கை தூக்காது, பேச்சு வராது. ஆனால் செல்கள் உயிரோடு இருக்கும். அதுதான் வாடிய பயிர். 10-க்குக் கீழே போய்விட்டால் சீக்கிரமே செத்துப்போகும். அது காய்ந்த பயிர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். தூக்காத கை, பேசாத வாய். உள்ளே போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அப்படி உள்ளே போய்ப் பார்ப்பதுதான் திசுவில் ரத்த ஓட்டத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. இதை ஆஞ்சியோகிராமோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆஞ்சியோகிராம் கால்வாயைக் காட்டும். இது வேருக்கு எத்தனை சொட்டுப் போகிறது என்று காட்டும்.

எப்படி அளக்கிறார்கள்? இரண்டு வழி உண்டு.

முதல் வழி, கால்வாயில் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு எந்த வயலுக்கு எப்போது மஞ்சள் தண்ணீர் வருகிறது என்று வரப்பில் நின்று பார்ப்பது போல. கை நரம்பில் கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்தை வேகமாகச் செலுத்துவார்கள். மூளை முழுவதையும் ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு தரம், மாற்றி மாற்றிப் படம் எடுப்பார்கள். மருந்து போகும் இடமெல்லாம் படத்தில் சிறிது நேரம் கறுத்து, மறுபடி வெளுக்கும். எந்த இடம் சீக்கிரம் கறுத்தது, எது தாமதமாகக் கறுத்தது, எது கறுக்கவே இல்லை என்பதை வைத்துக் கணினி ரத்த ஓட்டத்தைக் கணக்குப் போடும். 6 நொடிக்கு மேல் தாமதமாகும் இடத்தை ஆபத்தான இடம் என்று குறிப்பார்கள். இதோடு இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படமும் எடுப்பார்கள். அது ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் பகுதியைப் பளிச்சென்று வெள்ளையாகக் காட்டும். ஆபத்தான இடத்திலிருந்து செத்த இடத்தைக் கழித்தால் மிச்சம் வாடிய பயிர். மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குதான். அதன் விடை ஒரு மனிதனின் பேச்சு, நடை.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. இதில் ஊசியே கிடையாது. ரத்தத்தில் உள்ள தண்ணீரையே அடையாளமாக்கிவிடுவார்கள். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் சுற்றும் பம்பரம் போல, ஒரு சின்னக் காந்தம் என்று நடத்தியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் ரத்தத்தில் இந்தப் பம்பரங்களை ரேடியோ அலையால் தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். சுமார் இரண்டு நொடி காத்திருந்து ஒரு படம். திருப்பாமல் ஒரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், புதிதாக வந்து சேர்ந்த ரத்தம் மட்டும் தெரியும். அந்த வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அடையாளமும் இரண்டு நொடிக்குள் பாதிக்கு மேல் அழிந்துவிடும். அதனால் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போடுவார்கள். நாலைந்து நிமிஷ வேலை. ஜான் டெட்ரே, ஆலன் கொரெட்ஸ்கி முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் 1992-ல் வெளியிட்ட முறை இது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கடோலினியம் கொடுக்கத் தயங்கும்போது இது பெரிய உதவி.

இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்து வித்தைதானே, நமக்கென்ன என்று கேட்பீர்கள். 2018-ல் நிலைமை மாறிவிட்டது. அதுவரை பக்கவாதத்துக்கு ஒரே நீதிபதி கடிகாரம். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம். குழாய் விட்டுக் கட்டியை எடுப்பதற்கு 6 மணி நேரம். தாண்டினால் கதவு சாத்தியாயிற்று. அந்த வருஷம் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. டிஃபியூஸ் 3 என்ற ஆய்வில், 6 முதல் 16 மணி நேரம் ஆனவர்களுக்கு எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. மூலம் திசு ரத்த ஓட்டத்தை அளந்து, வாடிய பயிர் நிறைய இருப்பவர்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 182 பேர். கட்டியை எடுத்தவர்களில் நூற்றுக்கு 45 பேர் மூன்று மாதத்தில் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 17 பேர்தான். டான் என்ற இன்னொரு ஆய்வு 24 மணி நேரம் வரை போனது. அதில் 49-க்கு 13.

2019-ல் ஆஸ்திரேலியர்கள் முன்னின்று நடத்திய எக்ஸ்டெண்ட் ஆய்வு, தூக்கத்திலேயே பக்கவாதம் வந்தவர்களையும் நாலரை முதல் 9 மணி நேரம் ஆனவர்களையும் எடுத்துக்கொண்டது. இதேபோல் ரத்த ஓட்டத்தை அளந்து, கரைக்கும் ஊசி போட்டார்கள். பலன் சிறியதுதான், ரத்தக்கசிவு ஆபத்தும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் பலன் இருந்தது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

யாருக்கு இந்த அளவீடு தேவை? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிறவருக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. அவருக்குச் சாதாரண ஸ்கேன் போதும், ஊசி போட்டுவிடலாம். தாமதமாக வருகிறவருக்குத்தான் தேவை. யார் தாமதமாக வருகிறார்கள்? தனியாகக் கொல்லையில் விழுந்து கிடந்த விவசாயி. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் தனியாகத் தூங்கி எழுந்த கிழவி. மகாபலிபுரம் பக்கம் கடலுக்குள் போய், கரை திரும்பப் பாதி நாள் ஆகும் மீனவர். என்னைப் போல் ஒரு முட்டாள் தங்கை இருக்கிற அண்ணன். அதாவது கிராமத்து ஆள், கடற்கரை ஆள்.

ஆனால் இந்த அளவீடும் அதைப் படித்துச் சொல்லும் ஆளும் எங்கே குவிந்திருக்கிறார்கள்? பெரிய நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில். கடைமடைக்கு வேண்டிய தண்ணீரை மதகுக்குப் பக்கத்திலேயே தேக்கி வைத்திருக்கிறோம். எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

அண்ணன் கதையை முடித்துவிடுகிறேன். காலை 10.15-க்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. பரனூர் சுங்கச்சாவடி, கூடுவாஞ்சேரி, தாம்பரம் நெரிசலெல்லாம் தாண்டிச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது 12.30. அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்துத் திரையில் காட்டினார்கள். செத்த பகுதி ஒரு நெல்லிக்காய் அளவு. அதைச் சுற்றி ஆரஞ்சுப்பழம் அளவுக்கு வாடிய பகுதி. "காப்பாத்த வேண்டியது இவ்வளவு இருக்கு" என்று அந்த இளம் டாக்டர் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். பிற்பகல் 1.45-க்குத் தொடையில் குழாய் விட்டார்கள். படுக்கப் போனதிலிருந்து கணக்கிட்டால் 15 மணி நேரம் 45 நிமிஷம்.

செலவுக்குக் கரும்புப் பணமும் அண்ணியின் நகையும் போயின. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மாணவன் அன்று போன் பண்ணாமல் இருந்திருந்தால்? அண்ணியிடம் நகை இல்லாமல் இருந்திருந்தால்? ஒரு மனிதன் பேசுவதும் பேசாமல் போவதும் அவன் தங்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள் என்பதைப் பொறுத்தா இருக்க வேண்டும்?

ஆகவே நான் கேட்பது இது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த ரத்த ஓட்ட அளவீடு இரவும் பகலும் கிடைக்க வேண்டும். நமக்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி 1965 முதல் இருக்கிறது. படாளத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள். மேலே சொன்ன ஊசி இல்லாத முறைக்குத் தனி மெஷின் வேண்டாம். எம்.ஆர்.ஐ. மெஷினில் ஓடும் மென்பொருள்தான். பல மெஷின்களில் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கும். நம் மாநிலத்தில் மெஷின் வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். டெண்டர் போடும்போதே அந்த ஒரு வரியையும் சேர்த்துவிட்டால் போதும். கோடிக்கணக்கில் மெஷின் வாங்கிவிட்டு இதை விட்டுவிடுவது, மோட்டார் போட்டுவிட்டுக் குழாய் போடாமல் விடுவது போல.

மென்பொருளை விட ஆள் முக்கியம். நள்ளிரவில் மெஷினை ஓட்டப் பயிற்சி பெற்ற ஒருவர், படத்தைப் பார்த்துச் சொல்ல, எங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி, ஒரு மருத்துவர். கட்டியை எடுக்க வேறு ஊருக்குப் போக வேண்டியவரை உடனே அனுப்பி வைக்க ஓர் ஏற்பாடு. இதெல்லாம் நம்மால் முடியாது என்று சொல்லாதீர்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற திட்டத்தை 2021 டிசம்பரில் நம் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைத்தார்கள். சாலையில் விழுந்தவனுக்குச் செய்ய முடிந்தது, பாயில் விழுந்தவனுக்கும் முடியும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் டீச்சர் இல்லை.

இந்த அளவீடு தப்பே செய்யாது என்று நினைக்காதீர்கள். கழுத்து ரத்தக்குழாய் பல வருஷமாகச் சுருங்கியவருக்கு ரத்தம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். புதிய அடைப்பு போல படம் ஏமாற்றும். நோயாளி அசைந்தாலும் கணக்கு கெடும். இன்னொன்று, 2023-ல் நெதர்லாந்து நாட்டு ஆய்வு ஒன்று, இந்த அளவீட்டைக் கட்டாயமாக்காமல், பக்க ரத்தக்குழாய்கள் தெரிகின்றனவா என்று சி.டி. ஆஞ்சியோகிராமில் பார்த்தே 6 முதல் 24 மணி நேரக்காரர்களுக்குக் கட்டியை எடுத்துப் பலன் கண்டது. அதாவது வரப்புக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாலே பலருக்குப் போதும். ஆக, இது புதிய கதவைத் திறக்கும் சாவியாக இருக்க வேண்டும். "அந்தப் படம் எடுக்கல, அதனால சிகிச்சை இல்ல" என்று சொல்லும் இன்னொரு பூட்டாகிவிடக் கூடாது.

அப்புறம், மறதி, தலைவலி என்று ஓடிப்போய் இந்த ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு படத்தில் தெரிவது கட்டி திரும்ப வளர்ந்ததா, கதிர்வீச்சின் வடுவா என்று பார்க்கவும் இது உதவும். எதற்கு வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

24 மணி நேரம் இருக்கிறதே என்று யாரும் சாவகாசமாக இருந்துவிடாதீர்கள். பெரிய அடைப்பில் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. நான் குளித்து முடித்த நேரத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று பெருக்கிப் பார்த்தேன். அந்த விடையை இங்கே எழுத மாட்டேன். அண்ணனின் வலது கை விரல்கள் இன்றும் பேனா பிடிப்பதில்லை.

கடைசியாக வீட்டுப்பாடம். எல்லோருக்கும்தான்.

வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், உடனே 108. காபி, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள்.

"கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" இந்த நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

நேரம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். "டாக்டர், காப்பாத்தக்கூடிய பகுதி மிச்சம் இருக்கான்னு பார்க்க முடியுமா? இங்க முடியாதுன்னா எங்க போகணும்?" இதற்குப் படிப்பு வேண்டாம், சிபாரிசு வேண்டாம்.

என் பிள்ளைகளில் ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறீர்கள், நர்ஸ்கள் இருக்கிறீர்கள், சுகாதாரத் துறையில் பெரிய நாற்காலியில் ஒருவன் இருக்கிறாய். உன் பெயரைச் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரியும். அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வாசகம் எழுதித் தர நான் தயார். பிழை திருத்தவும் தயார்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். கண் கொஞ்சம் மங்கல், பதில் தாமதமாகும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்,
படாளம்.